திறந்து பார்க்கலாமா?

மனிதராய்ப் பிறந்தவருக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கத்தான் செய்யும். சிலருக்குப் புடவைப் பைத்தியம், சிலருக்குக் கிரிக்கெட், இன்னும் சிலருக்குப் பாத்திரக் கடை வாசலைக் கண்டால் கால் நகராது. எனக்கு மூன்று பைத்தியங்கள். ஒன்று, புதிது புதிதாக வரும் எலெக்ட்ரானிக் சாமான்கள். இரண்டு, 'ஓப்பன் ஸோர்ஸ்' என்று சொல்லப்படும் திறந்த சாஃப்ட்வேர். மூன்று, ராக் சங்கீதம். மூன்றாவதைச் சொன்னதுமே உங்களில் சிலர் காதைப் பொத்திக்கொள்வது தெரிகிறது. பயப்பட வேண்டாம், இந்த வாரம் பாட்டுப் போடப் போவதில்லை. கதைதான் சொல்லப் போகிறேன்.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்களே! இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கவும், பழுது பார்க்கவும், நம் சௌகரியத்துக்கு மாற்றிக்கொள்ளவும் நமக்கு உரிமை உண்டா, இல்லையா? இந்த ஒரு கேள்விதான் மூன்றுக்கும் நடுவே ஓடுகிற சரடு.

முதலில் சங்கீதத்தையே எடுத்துக்கொள்வோம். 1963-ஆம் வருஷம். லண்டனுக்கு அருகே ஒரு நடுத்தரக் குடும்பம். பதினாறு வயதுப் பையன் பிரையன் மே. அவனுக்கு ஒரு எலெக்ட்ரிக் கிதார் வேண்டும். கடையில் விலை கேட்டால் மயக்கம் வருகிறது. அப்பா ஹாரல்ட் மே எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினீயர். "வாங்க முடியாவிட்டால் என்ன, செய்து விடுவோம்" என்று இருவரும் இறங்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் பழைமையான ஒரு கணப்படுப்பின் மேல் பலகையிலிருந்து கிதாரின் கழுத்துப் பகுதி வந்தது. பலகையில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். உடல் பாகத்துக்கு ஒரு பழைய மேஜையின் ஓக் மரம். உள்ளே வைத்த சுருள் கம்பிகள் மோட்டார் சைக்கிள் என்ஜினைச் சேர்ந்தவை. விரல் வைக்கும் பலகையில் அடையாளப் புள்ளிகள் வேண்டுமே? அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச் சிப்பிப் பொத்தான்கள் எடுக்கப்பட்டன. ஸ்வரத்தை அசைக்கும் கைப்பிடியின் நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி முனை போயிற்று!

சுமார் இரண்டு வருஷம் பிடித்தது. பிற்பாடு 'க்வீன்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற ராக் கோஷ்டியில் பிரையன் மே வாசித்தது இந்தக் கிதாரைத்தான். 2002-ல் எலிஸபெத் ராணியின் பொன்விழாவின்போது பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு தேசிய கீதம் வாசித்ததும் இதே கிதாரில்தான். அம்மாவின் பொத்தான்களும் அரண்மனை உச்சிக்குப் போய் வந்தன.

இந்தப் பையனால் எப்படி இது முடிந்தது? புத்திசாலித்தனம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த வீட்டில் இருந்த சாமான்கள் எல்லாம் கழற்றக் கூடியவையாக இருந்தன. இதை நாம் மறந்து விடுகிறோம்.

உங்கள் வீட்டுத் தையல் மெஷினைப் பாருங்கள். பாட்டி காலத்து மெஷினாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் இழுப்பறையில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி, ஒரு ஸ்குரூ டிரைவர், நாலைந்து பாபின்கள் இருக்கும். "அம்மா! இது உன் பொருள். அவ்வப்போது திறந்து எண்ணெய் போடு; ஊசி உடைந்தால் மாற்று; பெல்ட் அறுந்தால் வேறு வாங்கிப் போடு" என்று மெஷின் செய்தவன் சொல்லாமல் சொல்லியிருக்கிறான். அதனால்தான் அது பேத்தியின் காலத்திலும் ஓடுகிறது.

இப்போது கையில் உள்ள செல்போனைப் பாருங்கள். அநேகமாக எல்லாப் போன்களிலும் மூடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கும். உள்ளே பாட்டரியும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டரி என்பது தேய்கிற சாமான். இரண்டு மூன்று வருஷத்தில் சோர்ந்து போவது அதன் ஜாதகம். அதை மாற்ற மனமில்லாமல், முப்பதாயிரம் ரூபாய்ப் போனையே மாற்றுகிறோம். செருப்பின் வார் அறுந்தால் தைத்துக்கொள்கிற நாம், போன் விஷயத்தில் மட்டும் சக்கரவர்த்திகள் ஆகிவிடுகிறோம்.

மூடியாவது கண்ணுக்குத் தெரிகிற பூட்டு. கண்ணுக்குத் தெரியாத பூட்டு ஒன்று உண்டு. அதுதான் சாஃப்ட்வேர். கடையில் ஸாம்பார்ப் பொடிப் பொட்டலம் வாங்கலாம். தனியா எத்தனை, மிளகாய் எத்தனை என்பது செய்தவனுக்கு மட்டும் தெரியும். அம்மா வீட்டில் எழுதி வைத்த குறிப்பு இருந்தால், காரத்தைக் குறைத்து நம் வீட்டு ருசிக்கு அரைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்குள் ஓடுவது பொட்டலம். அதை எழுதியவர் கையில் இருப்பது குறிப்பு. அந்தக் குறிப்புக்குத்தான் 'ஸோர்ஸ் கோட்', மூல நிரல், என்று பெயர்.

குறிப்பை ஒளித்து வைத்ததால் ஒருவருக்கு வந்த கோபம் உலகத்தையே மாற்றியது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாஸாசூஸெட்ஸில் உள்ளது) ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே பிரிண்டர் ஒரு மாடியில். ஆட்கள் வேறு மாடியில். காகிதம் சிக்கிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பழைய பிரிண்டரின் சாஃப்ட்வேரை அவர் திருத்தி, சிக்கல் வந்ததும் எல்லாருக்கும் சேதி போகும்படி செய்திருந்தார். 1980 வாக்கில் புதிய பிரிண்டர் வந்தது. அதன் மூல நிரல் தரப்படவில்லை. வேறொரு சர்வகலாசாலையில் அதை வைத்திருந்தவரைத் தேடிப் போய்க் கேட்டார். "தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

நாமாக இருந்தால் முணுமுணுத்துவிட்டு மாடி ஏறி இறங்கியிருப்போம். ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் 'க்னூ' என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்கிற சாஃப்ட்வேர்களை எழுதும் திட்டம் அது. 1989-ல் அதற்கென்று ஒரு உரிமப் பத்திரமும் எழுதினார். அதன் சாரம் இதுதான்: "என் குறிப்பை எடுத்துக்கொள், மாற்றிக்கொள். ஆனால் மாற்றிய பண்டத்தைப் பிறருக்குக் கொடுத்தால், மாற்றிய குறிப்பையும் கூடவே கொடு." 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்ஸிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் 'லினக்ஸ்' என்ற அடித்தள சாஃப்ட்வேரை எழுதி வெளியிட்டார், மறு வருஷம் அதை இதே உரிமத்தில் கொண்டு வந்தார். உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதன் அடியில் ஓடுவது அந்த லினக்ஸ்தான். வீட்டுக் கல்யாண வீடியோ வேறு எதிலும் ஓடாதபோது கைகொடுக்கும் வி.எல்.ஸி. என்ற சாஃப்ட்வேரும் (ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சாலைக் கூம்பு ஒன்று சின்னமாக இருக்குமே, அதேதான்) 1996-ல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. 2001 முதல் அதுவும் திறந்த சாஃப்ட்வேர்.

ஆங்கிலத்தில் இதை 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்று சொல்லிவிட்டு, அது காசில்லாமல் கிடைப்பது என்ற அர்த்தத்தில் அல்ல என்று விளக்கியே அவர்களுக்குத் தொண்டை வறண்டு போகிறது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று நமக்குத் தனித் தனி வார்த்தைகள் இருக்கின்றன.

"எல்லாம் சரி, நான் மூல நிரலைப் படிக்கப் போகிறேனா? எனக்கு எதற்கு இந்த உரிமை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2005-ல் ஸோனி பி.எம்.ஜி. கம்பெனி சில பாட்டு ஸி.டி.க்களை விற்றது. அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டால், பாட்டோடு ஒரு சாஃப்ட்வேரும் உள்ளே புகுந்து தன்னை ஒளித்துக்கொண்டது. பாட்டை நகல் எடுக்காமல் தடுப்பது அதன் வேலை. ஆனால் வேறு திருடர்களும் அந்த மறைவிடத்தில் பதுங்க அது வழி செய்தது. வான் ஸான்ட் சகோதரர்களின் ஸி.டி. ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் போட்ட ஒரு கம்ப்யூட்டர் நிபுணர்தான் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஊர் சிரித்தது; கம்பெனி ஸி.டி.க்களைத் திரும்பப் பெற்றது. வழக்குத் தொடுத்தவர்களில் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற சங்கமும் ஒன்று. 1990-ல் அதை நிறுவிய மூவரில் ஒருவரான ஜான் பெர்ரி பார்லோ யார் தெரியுமா? 'கிரேட்ஃபுல் டெட்' என்ற ராக் கோஷ்டிக்குப் பாட்டு எழுதியவர்! அந்தக் கோஷ்டியார் தங்கள் கச்சேரியை ரசிகர்கள் பதிவு செய்வதைத் தடுக்கவில்லை. 1984 முதல் பதிவு செய்பவர்களுக்கென்றே கச்சேரியில் தனி இடம் ஒதுக்கினார்கள். விற்காதே, பகிர்ந்துகொள் என்பதே அவர்கள் நிபந்தனை. அதனால் அவர்கள் கச்சேரிக்குக் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது சம்பவம் 2009 ஜூலையில். அமேஸான் கம்பெனியின் மின்புத்தகக் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல் ஒன்றைச் சிலர் விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று பிற்பாடு தெரிந்ததாம். உடனே கம்பெனி, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அந்தப் புத்தகத்தைத் தூரத்திலிருந்தபடி அழித்துவிட்டது! பணம் திரும்பி வந்தது. கம்பெனித் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் பைண்டு செய்து அலமாரியில் வைத்திருக்கும் தொடர்கதையை, பத்திரிகை ஆபீஸிலிருந்து ஆள் வந்து இரவோடு இரவாக எடுத்துக்கொண்டு போனால் சும்மா இருப்பீர்களா?

இன்னொரு சந்தேகம் வரலாம். "கதவைத் திறந்து வைத்தால் திருடன் வரமாட்டானா?" வந்தான். 2024-ல் 'எக்ஸ்.ஸெட்' என்ற ஒரு சின்ன, திறந்த சாஃப்ட்வேரில் நடந்தது. அதை ஊதியம் இல்லாமல் ஒரே ஒருவர் வருஷக் கணக்கில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். உதவுகிறேன் என்று வந்த ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக நடந்து, நம்பிக்கை பெற்று, உள்ளே ஒரு கள்ள வாசல் வைத்துவிட்டார். உலகத்தின் எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்குள் அது போயிருக்கும். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற என்ஜினீயர், தம் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதான்! குக்கர் விசில் கொஞ்சம் தாமதமானாலே "காஸ் தீரப் போகிறதோ?" என்று எழுந்து போகிற நீங்கள் அவரைப் புரிந்துகொள்வீர்கள். மூல நிரல் திறந்திருந்ததால் நூல் பிடித்துக்கொண்டே போய்க் கள்ளத்தைக் கண்டார். மார்ச் 29-ஆம் தேதி ஊருக்குச் சொன்னார்.

இதில் எனக்குத் தெரிவது இரண்டு. திறந்திருந்தால் கண்டுபிடிக்கலாம். ஆனால் கண்டுபிடிக்க யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்கிறவரை ஊர் ஆதரிக்க வேண்டும். கோயில் விளக்குக்கு எல்லாரும் எண்ணெய் ஊற்றினால்தானே எரியும்?

சர்க்கார்களும் இப்போது விழித்துக்கொண்டிருக்கின்றன. நம் நாட்டில் நுகர்வோர் நலத் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. ஐரோப்பிய யூனியன் 2023-ல் செய்த சட்டம், கைக்கருவிகளின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி அமைப்பதற்கு 2027 பிப்ரவரியைத் தவணையாக வைத்தது.

சட்டம் வருகிறபோது வரட்டும். நாம் கடைக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேட்டு வைக்கலாம். பாட்டரி போனால் இந்த ஊரில் மாற்ற முடியுமா, எவ்வளவு ஆகும்? எத்தனை வருஷம் இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்? என் போட்டோக்களையும் கணக்குகளையும் எடுத்துக்கொண்டு வேறு கருவிக்குப் போக வழி உண்டா? கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

வீட்டில் பழைய லாப்டாப் இருக்கிறதா? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அடுத்த விண்டோஸ் ஏறாத, ஆனால் நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர்கள் ஏராளம். காயலான் கடைக்குப் போடுமுன், முக்கியமானவற்றை நகல் எடுத்து வைத்துவிட்டு, தெரிந்த பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டு லினக்ஸ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடிதம் எழுத, கணக்குப் போட, படம் பார்க்க அது போதும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பெண்ணோ பையனோ பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால் உடனே முதுகில் ஒன்று வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று பாருங்கள். வீங்கின செல்போன் பாட்டரியாக இருந்தால் தொடவே விடாதீர்கள், அது நெருப்பு. மற்றபடி கழற்றின திருகாணிகளைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம் கொடுங்கள். தையல் பெட்டியில் நாலு பொத்தான் குறைந்தாலும் பரவாயில்லை.