கண்ணாடி அல்லாத கண்ணாடி



உங்கள் இல்லத்தின் வரவேற்பறைச் சுவரைச் சற்றே நோக்குங்கள். கறுப்பு நிலத்தில் பொன்னிறமாய் ஆயத்துல் குர்ஸி எழுதிய சட்டம் ஒன்று அங்கே தொங்கக் கூடும். முன்பெல்லாம் அதனைக் கடையில் வாங்கி வந்தோம். இப்போது நம் பெண்மக்கள் பலர் தாமே தீட்டுகின்றனர். கண்ணாடியில் அன்று, கண்ணாடி போலத் தோன்றும் அக்ரிலிக் பலகையில். திருமணத்திற்கு அன்பளிப்பாகவும், கேட்டு வருவோருக்கு விலைக்காகவும் எழுதித் தருகின்றனர். வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க நல்ல கைத்தொழில்தான். ஆயினும், தாளில் எழுதும் பழக்கத்தை அப்படியே பலகைக்குக் கொண்டு செல்வோர் பொருளையும் உழைப்பையும் இழக்கின்றனர். எழுதப்படுவது இறைவசனமாயின் இழப்பு அதனினும் பெரிது.

தண்டலத்தில் வாழும் எங்களுக்குக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அன்றாடக் காட்சிகள். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் கண்ணாடி ஆலை 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் புதிய கார்கள் லாரிகளில் ஏறி நெடுஞ்சாலையில் செல்கின்றன. கார்களின் பின்புறத்துச் சிவப்பு விளக்கைப் பார்த்துக் கண்ணாடி என்றே பலரும் எண்ணுவர். பெரும்பாலும் அது அக்ரிலிக்கே. பெயர்ப்பலகை செய்யும் கடையில் கேட்டுப் பாருங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கக் கூடும். பழகுவதற்கு அவை போதும்.

இப்பொருள் 1930களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் விற்பனைக்கு வந்தது. கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. ஒளியை நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு ஊடுருவ விடும். இரண்டாம் உலகப் போரில் விமானி அமரும் இடத்தை இதனால் மூடினர். மூடி நொறுங்கிச் சிதறியபோது அதன் துணுக்குகள் சில விமானிகளின் கண்களில் புகுந்தன. ஆனால் அத்துணுக்குகளைக் கண் வெறுத்துப் புண்ணாகவில்லை. இதனைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர், 1949இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், புரை நீக்கிய கண்ணுக்குள் இப்பொருளாலான லென்ஸை முதன்முதலாகப் பொருத்தினார். நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தைத் தொடங்கி, ஏழைகளுக்கும் எட்டும் விலையில் இத்தகைய லென்ஸ்களைச் செய்யலாயினர். உங்கள் வீட்டு மூத்தோர் எவருக்கேனும் முன்பு புரை அறுவை நடந்திருப்பின், நீங்கள் தூரிகை வைக்கும் பலகையின் இனம் அவர் கண்ணுக்குள்ளும் இருக்கக் கூடும்!

தெளிந்த பலகையின் பின்புறத்தில் தீட்டி, முன்புறமாகக் காண்பது பழைய கலை. அதனைக் கண்ணாடியில் செய்தனர். 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து கப்பல் வழியே இந்தியத் துறைமுகங்களுக்கு வந்த இம்முறை தஞ்சாவூரில் வேரூன்றிற்று. துருக்கியர் திருக்கலிமாக்களையும் கப்பல் வடிவில் அமைத்த எழுத்துகளையும் இவ்வாறு தீட்டினர். ஜாவாத் தீவின் சிரெபோன் நகரத்தார் அரபு எழுத்துகளையே வளைத்துப் புலி வடிவம் ஆக்கினர். ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இஸ்லாமியப் பொருள் கொண்ட அச்சுப் படங்கள் அங்கே வருவதைப் பிரெஞ்சு ஆட்சியாளர் தடுக்க முற்பட்டனர். உள்ளூர்க் கலைஞர்களோ அப்படங்களைக் கண்ணாடியில் பிரதி செய்து வீடுதோறும் பரப்பினர். அங்கே இன்றும் இக்கலைக்குக் 'கண்ணாடிக்கு அடியில்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபே பெயர். அவற்றுள் பெரியார்களின் உருவப் படங்களும் உண்டு. அவ்விவாதத்திற்கு இப்பக்கம் இடமன்று.

இனி முறைக்கு வருவோம். தாளில் முதலில் நிலத்தைப் பூசுகிறோம்; அதன்மேல் பூ; பூவின்மேல் நரம்பு; கடைசியில் ஒரு பனித்துளி. பின்புறத்தில் தீட்டும்போது இவ்வரிசை முற்றிலும் தலைகீழ். பனித்துளி முதலில், நரம்பு அடுத்து, பின் இதழ், நிலம் கடைசி. முதலில் வைத்ததே காண்போர் கண்ணுக்கு முன்னே நிற்கும். பின்னர் எத்தனை வண்ணம் அடுக்கினாலும் முதற்பிழை மறையாது. தாளில் கடைசியாகச் செய்யும் நுண்ணிய வேலையை இங்கே கை பழகும் முன்பே செய்தாக வேண்டியிருக்கிறது. ஆதலின் முழுப் படத்தையும் முதலில் தாளில் வரைந்து, எது முன், எது பின் என்று எண்ணிட்டுக் கொள்ளுங்கள். ஓரக்கோடு இழுக்க நம் பெண்களுக்குப் புதிதாக ஒன்றும் கற்றுத்தர வேண்டியதில்லை. பெருநாள் இரவில் மருதாணிக் கோன் பிடித்த கைதானே! அதே போன்ற கோனில் கெட்டியான வண்ணத்தை நிரப்பிக் கோடிட்டு, ஓரிரவு உலரவிட்டு, மறுநாள் உள்ளே வண்ணம் நிரப்பலாம்.

இறைவசனம் எழுத விரும்புவோர் இவ்விடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். பின்புறத்தில் எழுதுவதால் எழுத்து இட வலமாக மாறி, இடமிருந்து வலமாக ஓடும். கண்பார்வையால் மாற்றி எழுத முயல வேண்டா. சரிபார்த்த பிரதியை மெல்லிய தாளில் படியெடுத்து, அத்தாளைப் புத்தகத்தின் ஏட்டைப் புரட்டுவது போலப் பக்கவாட்டில் புரட்டிப் பலகையின் கீழே வையுங்கள். நாட்காட்டித் தாளைத் தூக்குவது போல மேலிருந்து கீழாகப் புரட்டினால் மேற்புள்ளி கீழ்ப்புள்ளியாகும். 'தே' என்னும் எழுத்தின் புள்ளிகள் 'யே'யின் இடத்திற்குப் போய்விடும். தூரிகையிலிருந்து தெறிக்கும் ஒரு துளியும் சிறிதன்று. 'ரஹ்மத்' என்பதன் முதலெழுத்தின் மேல் ஒரு துளி விழுந்தால் அது 'ஸஹ்மத்' ஆகிவிடும். அருள் என்ற சொல் தொல்லை என்ற சொல்லாக மாறிச் சுவரில் தொங்கும். ஓதத் தெரியாத வீட்டில் அதனை ஆண்டுக்கணக்கில் எவரும் கண்டறியார். குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் என் போன்றோருக்கு இவ்வச்சம் மற்றவர்களைவிடச் சற்று மிகுதிதான்.

அக்ரிலிக்கில் பிழையைத் திருத்துவதும் அரிது. கண்ணாடியாயின் உலர்ந்த வண்ணத்தை பிளேடால் சுரண்டிவிடலாம்; இதனைச் சுரண்டினால் கீறல் நிலைத்துவிடும். ஈரம் உலர்வதற்குள் நனைத்த பஞ்சால் துடைப்பது ஒன்றே வழி. தின்னர், அசிட்டோன் இரண்டையும் தொடவே தொடாதீர்கள். பலகை மயிரிழை வெடிப்புகளுடன் மங்கிப் போகும். பூட்டிய அறையில் அதன் நெடி பிள்ளைகளின் மூச்சுக்கும் கேடு. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே ஏற்றது. ஒட்டியிருக்கும் காப்புத்தாளை உரித்தபின் பின்புறத்தைச் சோப்பு நீரால் மெல்லக் கழுவி, நிழலில் உலர்த்தி, முதற்பூச்சை மெல்லியதாக இடுங்கள். தடித்த பூச்சு வழுவழுப்பான பரப்பில் பிடிக்காமல் உரியும்.

மம்லூக் சுல்தான்களின் காலத்தில் எகிப்திலும் சிரியாவிலும் பள்ளிவாசல் விளக்குகளின் கண்ணாடியில், விளக்கையும் கண்ணாடியையும் உவமை கூறும் அந்நூர் அத்தியாய வசனத்தைத் தீட்டினர். பல நூற்றாண்டு கழிந்தும் அவ்வெழுத்து உதிரவில்லை; வண்ணத்தை உலையிலிட்டுக் கண்ணாடியோடு உருக்கி இணைத்துவிட்டனர். கடையில் விற்கும் கண்ணாடி வண்ணங்களுள் சில 160 டிகிரிச் சூட்டில் வைத்து இறுகச் செய்வதற்கானவை. அதனைப் படித்துவிட்டு அக்ரிலிக்கையும் அடுப்பில் வைத்துவிட வேண்டா. 100 டிகிரியைச் சற்றுக் கடந்ததுமே பலகை இளகி வளையும். தீப்பற்றவும் கூடியது, சமையலறைச் சுவர் இதற்கு இடமன்று.

ஆகவே நம் பலகையின் எழுத்தை உலை காக்காது. பின்னட்டைதான் காக்க வேண்டும். எழுத்து முடிந்ததும், நில வண்ணத்தைப் பூசுவதற்கு முன், பலகையை முன்புறமாகத் திருப்பி ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து, ஓதத் தெரிந்த ஒருவரிடம் எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பின்னரே நிலத்தைப் பூசலாம். அது முற்றிலும் உலர்ந்தபின் பின்புறத்தில் கெட்டி அட்டை வைத்து, வண்ணத்தில் எதுவும் உராயாதவாறு சட்டத்தில் இறுக்கிவிடுங்கள்.