மார்த்தாவுக்கும் ஞாயிறு உண்டு



விருந்தோம்பலில் நம் பங்கு மக்கள் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போதே, "சாமி, மதியம் நம்ம வீட்டுக்கு வரணும்" என்று இரண்டு மூன்று குரல்கள் எழும். குருவுக்கு மட்டுமா இவ்வழைப்பு? மணமுடித்துக் கொடுத்த மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், பக்கத்து ஊர்ச் சம்பந்தி, உடன் வேலை பார்க்கும் நண்பர் என ஞாயிறுதோறும் யாரேனும் வந்து கைநனைத்துச் செல்வது நம் இல்லங்களின் வழக்கம். வள்ளுவரும் விருந்தோம்பலுக்கு இல்லறவியலில் தனி அதிகாரம் வகுத்தார். இவ்வழக்கம் வாழ்க! ஆயினும் இதனுள் ஒளிந்திருக்கும் ஒரு குறையை இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம். அக்குறையில் நமக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குடும்பத்தாரின் அழைப்பை ஏற்று ஞாயிறு மதிய உணவிற்குச் சென்றிருந்தோம். இலை கொள்ளாத பதார்த்தங்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, கோழி வறுவல், பொரித்த மீன், அவித்த முட்டை, ரசம், பாயசம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. வீட்டுத் தலைவர் நம் அருகில் அமர்ந்து உண்டார். அம்மையாரோ அடுக்களைக்கும் கூடத்திற்குமாக நடந்த வண்ணம் இருந்தார். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா, சாமி?" என்பதைத் தவிர அவர் வேறொரு சொல் பேசவில்லை. நாமும் வயிறார உண்டு, கைப்பக்குவத்தைப் புகழ்ந்து எழுந்தோம். கைகழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்த சின்னஞ்சிறு மகள் கள்ளமின்றிச் சொன்னாள்: "சாமி, அம்மா இன்னைக்குப் பூசைக்கு வரல. நீங்க சாப்பிட வர்றீங்கன்னு விடியுமுன்னே எந்திரிச்சு வேலை பாத்தாங்க."

அன்று காலை நாம் ஆற்றிய மறையுரை, ஞாயிறு திருப்பலிக்கு வாராதோரைப் பற்றியது!

உண்ட சோறு அன்று நமக்குச் செரிக்கவில்லை. ஆண்டவரின் பந்தியில் அமர வேண்டிய ஒரு மகளை, நம் பந்திக்காக அடுப்படியில் நிறுத்திவிட்டோமே என்று மனம் வருந்தினோம்.

ஞாயிறு என்பது என்ன? ஆண்டவர் உயிர்த்த நாள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதனை மகிழ்ச்சியின் நாளாகவும் வேலையினின்று ஓய்வு பெறும் நாளாகவும் காட்டுகிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1247-ஆம் சட்டம், திருப்பலியில் பங்குகொள்ளும் கடமையோடு நின்றுவிடவில்லை. இறைவழிபாட்டையும், ஆண்டவரின் நாளுக்குரிய மகிழ்ச்சியையும், உள்ளமும் உடலும் பெறவேண்டிய இளைப்பாறுதலையும் தடுக்கும் வேலைகளைத் தவிர்க்குமாறும் பணிக்கின்றது. இளைப்பாறுதலும் அந்நாளின் கடமையில் அடங்கியதே என்பதைக் கவனியுங்கள்.

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை விடுதலைப் பயணம் 20-ஆம் அதிகாரத்தில் எடுத்துப் பாருங்கள். யார் யார் வேலை செய்யலாகாது என்று ஒரு பட்டியலே அங்கு உண்டு. நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, உன் ஊரில் தங்கும் அந்நியன் என்று அது நீள்கிறது. மாட்டுக்கும் ஓய்வு சொல்லப்பட்டிருக்கிறது. மனைவி என்ற சொல் மட்டும் அங்கு இல்லை. 'நீ' என்ற விளியில் கணவனும் மனைவியும் சேர்ந்தே அடங்குவர் என்பதே பொருத்தமான விளக்கம். நம் வீடுகளிலோ, அவளை ஆண்டவரே விட்டுவிட்டார் போல நடந்துகொள்கின்றோம்!

வாராந்தர விடுமுறை நம் நாட்டுத் தொழிலாளருக்குத் தானாக வந்து வாய்த்ததன்று. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரின் தலைவராயிருந்த நாராயண் மேகாஜி லோகண்டே 1884-ஆம் ஆண்டு முதல் ஞாயிறு ஓய்வு வேண்டிப் போராடினார். 1890-ஆம் ஆண்டில்தான் ஆலை முதலாளிகள் அதற்கு இசைந்தனர். அவ்வாறு ஆலைகளுக்குக் கிடைத்த ஓய்வு நம் அடுக்களைகளுக்கு மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை. ஆறு நாள் எரியும் அடுப்பு, ஏழாம் நாள் இரட்டிப்பாக எரிகின்றது. வெளியே சென்று வேலை பார்க்கும் பெண்களுக்கோ, வாரத்தில் தேங்கிய துணியும் பாத்திரமும் ஞாயிறன்றே காத்திருக்கின்றன.

"விருந்தாளிக்குக் கறி ஆக்கிப் போடாவிட்டால் ஊர் என்ன சொல்லும், சாமி?" என்று கேட்பீர்கள். ஊர் சொல்வது இருக்கட்டும்; அந்த அச்சம் செய்வதைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஞாயிறுதோறும் ஒன்றாகப் பொழுது போக்கிய இரண்டு குடும்பங்களை நாம் அறிவோம். ஒருவர் வீட்டில் ஒரு முறை ஆட்டுக்கறி விருந்து நடந்தது. அதற்கு ஈடாகச் செய்ய மற்றவருக்கு அம்மாதம் வசதி இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அழைப்பதற்கு நாணினார், பின்னர் போவதற்கும் நாணினார். சண்டை ஏதுமின்றி இரு வீட்டின் நட்பும் அறுந்துபோனது. உறவைக் கூட்ட வேண்டிய விருந்தே உறவைப் பிரித்துவிட்டது. திருப்பிச் செய்ய வல்லாரை மட்டும் அழைக்கலாகாது என்று ஆண்டவர் (லூக்கா 14) எச்சரித்ததன் உட்பொருள் அன்று நமக்கு விளங்கிற்று.

பெத்தானியா வீட்டை நினைவுகூருங்கள். பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்கிய மார்த்தாவை ஆண்டவர் கடிந்துகொண்டார் என்றே பலரும் நினைக்கின்றனர். அவர் அவளை வேலைக்காரியாகக் கண்டிருந்தால் பேசாமல் உண்டுவிட்டுப் போயிருப்பார். தோழியாகக் கண்டதாலன்றோ பெயர் சொல்லி இருமுறை அழைத்துத் தம்மிடம் ஈர்த்தார்! அதே லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், தாம் அனுப்பிய சீடருக்கு அவர் இட்ட கட்டளை, வைப்பதை உண்ணுங்கள் என்பது. விருந்தளிப்போர்க்கு மட்டுமன்று, விருந்தாளிக்கும் கடமை உண்டு. குருக்களாகிய நமக்கு முதற்கண் உண்டு.

ஆகவே அந்நிகழ்ச்சிக்குப் பின் நாம் ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டோம். வீட்டார் அனைவரும் திருப்பலிக்கு வர வேண்டும். ஒரே பானையில் ஆக்கிய உணவாக இருக்க வேண்டும். எல்லாரும் ஒருசேர அமர்ந்து உண்ண வேண்டும். அதே குடும்பத்தார் மீண்டும் அழைத்தபோது இதனைச் சொன்னோம். தயங்கித்தான் இசைந்தனர். நெல்லைச் சீமையின் கூட்டாஞ்சோறு ஆக்கினார்கள். அரிசியும் துவரம்பருப்பும், கத்தரியும் முருங்கையும் வாழைக்காயும், தேங்காய் அரைப்பும் புளியும் ஒன்றாய்ச் சேர்ந்து வெந்த சோறு; தொட்டுக்கொள்ள அப்பளமும் வற்றலும். காய் நறுக்கியவர் வீட்டுத் தலைவர். பாத்திரம் துலக்கியவர்கள் பிள்ளைகள். அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் மோர் கொண்டு வந்து எங்களோடு அமர்ந்தார்.

அன்றுதான் அந்த அம்மையாரின் குரலை முழுமையாகக் கேட்டோம். உண்டு முடித்தபின் பாயில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, நெடுநாள் மனத்தில் சுமந்த துயரம் ஒன்றை அவர் மெல்லச் சொன்னார். அது இன்னதென்று இங்கு எழுதுதல் முறையன்று. அவர் கணவரே அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார் என்பதை மட்டும் சொல்வோம். முந்திய விருந்தில் அத்தனை பதார்த்தங்களையும் கேட்டுக் கேட்டுப் பரிமாறியவருக்கு, தம் உள்ளத்தைத் திறக்க ஒரு நாழிகை இடம் கிடைக்கவில்லையே!

குடும்பத்தினரே, இதனை நீங்களும் செய்து பாருங்கள். பாலைவனத்தில் இஸ்ரயேலர் ஓய்வுநாளுக்கு வேண்டிய மன்னாவை முந்திய நாளே சேர்த்துச் சமைத்துக்கொண்டனர். அவ்வாறே அரைப்பதையும் நறுக்குவதையும் சனிக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு வருவோர் ஆளுக்கொரு பண்டம் கொண்டு வரட்டும். அதில் இழிவு ஏதுமில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஞாயிறன்று கூலி குறைக்காமல் ஓய்வு கொடுங்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஒரு மணி நேரம் உறங்கட்டும். இலைகளில் ஒன்று, தனித்து உண்ணும் ஒருவருக்காக இருக்கட்டும். உங்கள் தெருவில் ஒரு கைம்பெண், விடுதி மாணவர், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி என யாரேனும் இருப்பர்.

ஆண்மக்களே, உங்களுக்கு இறுதியாக ஒரு சொல். யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசியுங்கள். இரவெல்லாம் வலை வீசிக் களைத்துக் கரையேறிய சீடர்களுக்காகக் கரிநெருப்பில் மீனும், அதனோடு அப்பமும் ஆயத்தமாயிருந்தன. அவர்களைச் சாப்பிட வருமாறு அழைத்து, அதனைத் தம் கையாலே எடுத்துக் கொடுத்தவர் யார்? சாவை வென்று உயிர்த்த ஆண்டவர்! அவர் செய்த வேலை நமக்கு இழிவாகுமோ?

வரும் ஞாயிறன்று உங்கள் வீட்டு மார்த்தாவை நீங்களே பெயர் சொல்லி அழைத்து உடன் அமர்த்துங்கள். உயிர்த்த ஆண்டவரின் அமைதி உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக!