ஆட்டக்காரர்மீது ஏன் இந்த வசை?

இலங்கை உதைபந்தாட்ட அணி தோற்கும்போதெல்லாம் மாத்தளை நகரத்துத் தேநீர்க்கடைகளிலும், இரத்தோட்டை, உக்குவளைப் பகுதித் தோட்ட லயங்களிலும் ஒரு நீதிமன்றம் கூடிவிடுகின்றது. எதிரிகள் பதினொருவர். சாட்சி இல்லை, எதிர்வாதம் இல்லை, தீர்ப்பு மாத்திரம் உடனே கிடைத்துவிடும். பந்து காப்பாளனுக்குக் கண் இல்லை, முன்வரிசையினனுக்குக் கால் இல்லை, பயிற்றுநனுக்கு மூளை இல்லை!

இச்சினத்தைப் பழிக்க நாம் முன்வரவில்லை. சினங்கொள்ளக் காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டில் கொழும்பிலே இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தை ஏந்திய நாடு இது. 2006ஆம் ஆண்டில் டாக்காவிலே ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்ற நாடு இது. அந்த நாடுதான் 2021 நவம்பரில், தன் சொந்த மண்ணிலே, சீசெல்சு அணியிடம் கிண்ணத்தைப் பறிகொடுத்தது. 3-3 என முடிந்த இறுதியாட்டம் தண்டனை உதைகளிலே கைநழுவிப் போயிற்று. சீசெல்சின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி எமது மாத்தளை மாவட்டத்தின் மக்கள்தொகையோ 4 இலட்சத்து 84 ஆயிரத்துக்கு மேல். நமது மாவட்டத்தின் கால்பங்கும் தேறாத ஒரு நாட்டிடம் தோற்றோமே என்று இளைஞன் பல்லைக் கடித்தால், அவன்மீது குற்றங்காண எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் எதிரிக்கூண்டில் நிறுத்தப்பட வேண்டியவர் யார்? இவ்விடத்திலேதான் நாம் இளைஞர்களோடு மாறுபடுகின்றோம்.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு சனவரி 14ஆம் நாள் உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குத் தேர்தல் நடந்தது. ஒரு வாரந்தான் கடந்தது; சனவரி 21 முதல் இலங்கையை உலக உதைபந்தாட்டப் பேரவையான பீஃபா இடைநிறுத்தியது. வெளியார் தலையீடு என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆகஸ்டு மாத இறுதியிலேதான் தடை நீங்கிற்று. இடையில் பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியப் போட்டியில் நமது அணிக்கு இடமில்லை. களத்தில் இறங்கி உதைக்க ஆயத்தமாயிருந்த இளைஞன் செய்த பிழை என்ன? ஏழு மாதங்கள் அவன் காலைக் கட்டிவைத்துவிட்டு, தடை நீங்கிய பின் அக்டோபரில் ஏமன் அணியோடு மோதச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே 3-0 எனத் தோற்றான். தோற்றதும் நாம் ஏசினோம்.

இதன் வேர் சட்டத்திலே கிடக்கின்றது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்குப் பேரதிகாரம் வழங்குகின்றது. தேசிய அணி வெளிநாடு செல்லவும் அவருடைய ஒப்புதல் வேண்டும். சங்கம் நடக்கும் முறை பிடிக்காவிட்டால் அதன் தலைமேல் இடைக்காலக் குழுவை இருத்தவும் வழியுண்டு. பீஃபாவின் விதியோ அரசின் கை உள்ளே நுழையலாகாது என்கின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட ஆட்டக்காரனின் நிலை, இருபுறமும் இடிபடும் மத்தளத்தின் நிலைதான். கிரிக்கெட்டும் இதற்கு விலக்கன்று. அதே 2023 நவம்பரில் அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்து இடைக்காலக் குழுவை நியமிக்க, சில நாட்களுக்குள் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது. ஒரே ஆண்டில் இரு பெரும் விளையாட்டுகளுக்கும் உலகத்தின் கதவை அடைத்துக்கொண்ட பெருமை வேறெந்த நாட்டுக்கு உண்டோ, நாமறியோம்.

கிரிக்கெட்டைப் பற்றிப் பேச்செடுத்தமையால் தம்புள்ளையையும் சொல்லிவிட வேண்டும். நமது மாவட்டத்தின் வடக்கே, வறண்ட நிலத்தின் நடுவே, 167 நாட்களிலே ஒரு சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் எழுந்தது. 2001இல் அங்கே முதலாவது சர்வதேச ஒருநாள் ஆட்டமும் நடந்தது. பணமும் மனமும் இருந்தால் இம்மாவட்டத்தில் எதுவும் இயலும் என்பதற்கு அதுவே சான்று. மைதானம் எழுந்ததில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் தேயிலை மலைச்சரிவிலும் இறப்பர் மரங்களுக்கிடையிலும் வெறுங்காலோடு பந்துதைக்கும் தோட்டத்துச் சிறுவனுக்குச் சமதரையான ஒரு துண்டு நிலம் யார் தந்தார்? பந்து பள்ளத்தில் உருண்டால் அதை எடுத்துவரச் செல்வதிலேயே அவனுடைய மாலைப்பொழுது கழிந்துவிடுகின்றது.

பணமில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். 2023 முதல் 2026 வரையான நான்கு ஆண்டுகளுக்கு, நிபந்தனைகளை நிறைவேற்றும் ஒவ்வோர் உறுப்புச் சங்கத்துக்கும் 80 இலட்சம் டொலர் வரையில் வழங்கப் பீஃபா திட்டம் வகுத்தது.

அண்மையில் சிறிது வெளிச்சம் தோன்றியிருப்பதையும் மறைக்கலாகாது. 2024 செப்தெம்பரில் கம்போடியாவை அதன் மண்ணிலேயே தண்டனை உதைகளில் வென்றோம். 2025 சூனில் கொழும்பிலே தாய்வானை 3-1 என வென்றோம். நேற்றுவரை ஏசிய வாய்களே அன்று ஆரவாரித்தன! வெளிநாடுகளிலே பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளைகள் அவ்வணிக்கு வலுச்சேர்த்தார்கள். அவர்களை வரவேற்போம். எனினும் செருமனியிலும் இங்கிலாந்திலும் நல்ல திடலும் நல்ல பயிற்சியும் பெற்றவனைக் கொண்டுவந்து வெல்வது, எல்கடுவையில் அவை கிட்டாதவனுக்கு நாம் பட்ட கடனைத் தீர்த்துவிடாது.

ஆகவே ஏசுகின்ற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழகங்கள் சேர்ந்து லீக் ஆகின்றது. லீக்குகளின் பிரதிநிதிகளே சம்மேளனத்தின் பொதுச்சபையில் வாக்களித்துத் தலைவரைத் தெரிகின்றனர். வாக்கின்றி இருப்பது எத்தகையது என்பதை மலையகத் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்த மக்களின் எஞ்சிய குறை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருந்தோம். அத்தகைய நாம், கைக்கெட்டும் தூரத்திலுள்ள இந்தச் சிறிய வாக்கை ஏன் பிறர் கையில் விட்டிருக்கின்றோம்?

தோட்டந்தோறும் கழகம் அமையுங்கள். யாப்பு எழுதி முறைப்படி பதிவு செய்யுங்கள். யாப்பு வரைவதற்குச் சட்டத்தரணிகள் நாம் இருக்கின்றோம், கூலி வேண்டாம். ஓரங்குல நிலத்தையும் வீணாக்காத நம் கமக்காரப் பெருமக்கள், ஊருக்கொரு திடலுக்கு இடங்காட்ட முன்வரட்டும். பின்பு லீக்கின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சென்று எழுந்து நின்று கேளுங்கள்: இவ்வாண்டு எவ்வளவு பணம் வந்தது? அதில் தோட்டப் பாடசாலைகளுக்குச் சென்ற பந்துகள் எத்தனை? பதினைந்து வயதுக்குட்பட்டோர் ஆடிய ஆட்டங்கள் எத்தனை? எமது பெயரால் கொழும்பில் யாருக்கு வாக்களித்தீர்கள்?