சிறு வானொலி நிலையங்கள் மூடப்படுவது ஏன்?

எங்கேனும் ஒரு மத்திய அலை வானொலி நிலையம் மூடப்பட்டால், "எப்.எம். வந்தது, ஏ.எம். போயிற்று" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. கேட்பவர் குறைந்தார்கள், ஆகவே மூடிவிட்டார்கள் என்பது இதன் பொருள். இது பாதி உண்மையே. சிறு நிலையங்களைப் பொறுத்தவரை, கேட்பவர் எத்தனை பேர் என்பதைவிட, நிலையம் நிற்கும் நிலம் என்ன விலை போகிறது என்பதே அதன் ஆயுளை முடிவு செய்கிறது. விவசாயம் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

இந்தியாவில் தனியாருக்கு எப்.எம். மட்டுமே அனுமதிக்கப்பட்டது, மத்திய அலை அரசு வானொலியிடமே இருந்து வந்துள்ளது. ஆகவே சிறு ஏ.எம். நிலையம் நொடித்துப்போகும் கதையை அறிய அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஒரு தாலுகா தலைநகர் அளவுள்ள ஊரிலும், தனியார் ஒருவரோ ஒரு குடும்பமோ சொந்தமாக நிலையம் நடத்துவது பழைய வழக்கம். அந்நாட்டில் 1990-ல் ஏறத்தாழ 5,000 ஏ.எம். நிலையங்கள் இருந்தன. 2024-ல் அவை ஏறத்தாழ 4,400 ஆகிவிட்டன.

வயலுக்கு உழைத்த வானொலி

இந்த வானொலிக்கும் விவசாயத்துக்கும் உள்ள உறவு ஆரம்ப நாளிலிருந்தே தொடங்குகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பரிசோதனை நிலையம் 1921 ஜனவரி 3-ம் தேதி வானிலை அறிவிப்பை மனிதக் குரலில் ஒலிபரப்பத் தொடங்கியது. பின்னர் தானிய விலை, கால்நடைச் சந்தை நிலவரம், ஆலங்கட்டி மழை எச்சரிக்கை ஆகியவற்றைச் சொல்வது ஊர்ப்புற நிலையங்களின் அன்றாட வேலையாயிற்று. மதியச் சாப்பாட்டு வேளையில் விலை நிலவரம் கேட்காத பண்ணை வீடு அரிது.

வானொலி விவசாயத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்குத் தஞ்சை மாவட்டமும் சாட்சி. 1960-களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றித் திருச்சி வானொலியில் கேட்டே பலர் சாகுபடி செய்தார்கள். அதனால் அந்த நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்று பெயர் வந்துவிட்டது.

எர்த் கம்பியும் ஏக்கர் கணக்கும்

எப்.எம். நிலையத்துக்கு உயரம் இருந்தால் போதும். ஒரு கட்டிடத்தின் உச்சியோ குன்றின் உச்சியோ கிடைத்தால் வேலை முடிந்தது. ஏ.எம். அப்படியல்ல, அது மண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடும் அலை. பம்பு செட்டு மோட்டாருக்கு எர்த் போடுகிறவர்கள் குழியில் கரியும் உப்பும் இட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஈரமுள்ள மண்ணில்தான் மின்சாரம் நன்றாக இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஏ.எம். அலைக்கும் அதே விதிதான். ஈரம் பிடிக்கும் கரிய மண்ணில் அது வெகுதூரம் செல்லும். பாறையும் சரளையுமான மண்ணில் சீக்கிரம் மங்கிவிடும். வட டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் நகரிலிருந்து 5 கிலோவாட் சக்தியில் இயங்கும் ஒரு நிலையத்தைப் பகல் நேரத்தில் பக்கத்து மாநிலங்களிலும் கேட்க முடிவதற்கு, அங்குள்ள மண்ணும் ஒரு காரணம்.

இந்த நிலையங்களில் கோபுரமே ஆன்டெனா. அதன் அடியைச் சுற்றி, சக்கரத்தின் ஆரக்கால்போல, 120 செப்புக் கம்பிகளைப் புதைப்பது மரபு. 1 கிலோவாட் சக்தியுள்ள ஒரு சிறு நிலையத்துக்குக் கம்பி ஒவ்வொன்றும் 200 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 24,000 அடிச் செம்பு மண்ணுக்குள் கிடக்கிறது. அதற்கு வேண்டிய நிலம் ஏறத்தாழ 3 ஏக்கர். அலைவரிசை எண் குறையக் குறையக் கம்பியின் நீளமும் நிலத்தின் அளவும் கூடும். 540 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்கு ஒரு கோபுரத்துக்கே ஏறத்தாழ 15 ஏக்கர் வேண்டியிருக்கும். பக்கத்து நிலையங்களுக்கு இடைஞ்சல் வராமல் இருக்க மூன்று, நான்கு கோபுரங்கள் நாட்டியவர்களுக்கு இன்னும் அதிகம்.

வரவு குறைந்த விதம்

ஊர் நிலையத்தைத் தாங்கி நின்றவர்கள் ஊர்க் கடைக்காரர்கள். விதைக் கடை, தீவனக் கடை, டிராக்டர் விற்பனையாளர், மளிகைக்காரர் ஆகியோர் கொடுத்த சிறு சிறு விளம்பரங்களே வருமானம். பெரிய தொடர்கடைகள் வந்ததும் மளிகைக்காரர் கடையை மூடினார். விவசாயிகளும் குறைந்தார்கள். 1935-ல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் 19 லட்சமே மிஞ்சின. நான்கு பண்ணைகள் ஒன்றானால் நான்கு குடும்பங்களின் கொள்முதலும் ஒன்றாகிவிடுகிறது.

இவற்றோடு இரவுத் தொல்லையும் சேர்ந்தது. பொழுது சாய்ந்தபின் ஏ.எம். அலை வானத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூர நிலையங்களோடு மோதும். ஆகவே பல சிறு நிலையங்கள் மாலையில் சக்தியைக் குறைக்க வேண்டும். சில ஒலிபரப்பையே நிறுத்த வேண்டும். எல்.இ.டி. விளக்குகளும் மின்கருவிகளும் எழுப்பும் இரைச்சல் வேறு. போர்டு கம்பெனி தன் புதிய கார்களில் ஏ.எம். வசதியை நீக்கப்போவதாக 2023-ல் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டு மே மாதம் பின்வாங்கியது.

விற்றால் லாபம்

வரவு குறைந்தாலும் கோபுரத்துக்கு வர்ணம் பூச வேண்டும், விளக்கு எரிய வேண்டும், திருடர்கள் தோண்டிச் செல்லும் செம்புக் கம்பியை மீண்டும் புதைக்க வேண்டும். இந்த நேரத்தில் ஊர் வளர்ந்து கோபுரத்தின் வேலி வரை வந்துவிடுகிறது. வயலாக இருந்தபோது வாங்கிய இடம் மனைக்கட்டு விலைக்குப் போகிறது. வாஷிங்டன் நகரை அடுத்த பெதஸ்டாவில் 75 ஏக்கரில் நின்ற நான்கு வானொலிக் கோபுரங்கள், அந்த நிலம் வீடு கட்டும் கம்பெனிக்குப் போனதால், 2020 நவம்பரில் வீழ்த்தப்பட்டன. அது பெரிய நிலையம்; வேறிடம் மாறித் தப்பித்துக்கொண்டது. சிறு நிலையத்தின் உரிமையாளருக்கு அந்த வசதி இல்லை. முதுமையில் அவருக்குக் கிடைக்கும் ஒரே சேமிப்பு அந்த நிலம்தான். பிள்ளைகள் தொழிலுக்கு வராத விவசாயி நன்செயைப் பிளாட் போட விற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அவரைக் குறை சொல்வதில் நியாயமும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேறு கடையை மூடினால் மறு வருடம் திறக்கலாம். வானொலியை அப்படித் திறக்க முடியாது. 12 மாதங்கள் தொடர்ந்து மௌனமாக இருந்தால் உரிமம் தானே காலாவதியாகும் என்று 1996-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சிறு நிலையங்களைத் தாங்கிப் பிடிக்க அவற்றின் நிகழ்ச்சியை எப்.எம்.மில் மறு ஒலிபரப்புச் செய்ய 2009-ல் அனுமதி வழங்கினார்கள். மூல நிலையம் நின்றால் அந்த எப்.எம். ஒலியும் நிற்க வேண்டியதுதான். கோபுரம் விழுந்த இடத்தில் வீடுகள் எழுந்தபின், புதிதாக 3 ஏக்கர் வாங்கிக் கம்பி புதைக்க யார் வருவார்?

கைபேசி போதாதா?

கைபேசியில் விலை தெரிகிறது, மழை தெரிகிறது, பிறகு எதற்கு வானொலி என்று கேட்கலாம். விலை நிலவரத்துக்கு அது போதும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆபத்து வேளைக்குப் போதாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மலைப்பகுதியைத் தாக்கியபோது மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அறுந்தன. தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை மக்கள் வானொலியில்தான் கேட்டார்கள்.

நிலையம் இருந்தால் மட்டும் போதாது, அதில் ஆளும் இருக்க வேண்டும். 2002 ஜனவரி 18-ல் வட டகோட்டாவின் மைனாட் நகரருகே ரயில் கவிழ்ந்து, உரமாகப் பயன்படும் அம்மோனியா நச்சு மேகமாகப் பரவியது. ஊரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. நள்ளிரவில் அதிகாரிகள் அழைத்தபோது எச்சரிக்கை உடனே ஒலிபரப்பாகவில்லை. குற்றம் கருவியிலா, ஆளில்லாமையிலா என்று பின்னர் வாதம் எழுந்தது. ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் நிலையத்தில் இந்த வாதத்துக்கே இடமிருந்திராது. நள்ளிரவானாலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம்.

செய்யக் கூடியவை

வழி இல்லாமல் இல்லை. ஒரே கோபுரத்தில் இரண்டு நிலையங்கள் இயங்கத் தொழில்நுட்பம் இடம் கொடுக்கிறது. அப்படிச் செய்தால் ஒருவரின் நிலம் மிஞ்சும். கம்பி புதைந்த நிலத்தில் ஆழ உழ முடியாதே தவிர, புல் வளர்த்து வைக்கோலாக்கலாம். இப்படிப்பட்ட நிலத்துக்கு மனை விலைப்படி வரி போடாமல் மேய்ச்சல் நிலமாகக் கருதி வரி போடலாம். நிலையத்தை விற்க விரும்பும் உரிமையாளர் முதலில் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்று விதி செய்யலாம். தானியக் கிடங்கையும் மின்சாரத்தையும் கூட்டுறவில் நடத்தத் தெரிந்த அமெரிக்க விவசாயிகளுக்கு ஒரு கோபுரத்தைப் பராமரிப்பது பெரிய காரியமல்ல.

இவை எல்லாம் கிரயப் பத்திரம் பதிவாகும் முன் நடக்க வேண்டியவை. 12 மாதக் கெடு முடிந்தபின் கூடிப் பேசுவதில் பயனில்லை.