எண்ணென்றால் நமக்கு ஏன் அச்சம்?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபினர் நாம் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். ஆயினும் நம் கலைக்கல்லூரி மாணவர், அவருள்ளும் தமிழும் வரலாறும் பயில்வோர், அவ்விரு கண்களுள் ஒன்றை இறுக மூடிக்கொண்டே பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். மேலாண்மைக் கல்விக்கான நுழைவுத் தேர்வை எழுதுமாறு நாம் கூறும்போதெல்லாம் வரும் மறுமொழி ஒன்றே: "ஐயா, அதில் கணக்கு இருக்கிறதே!"

இந்திய மேலாண்மைக் கழகங்கள் நடத்தும் கேட் தேர்வை எழுத இன்ன பாடத்தில்தான் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்னும் விதி இல்லை. தமிழ் இலக்கியம் பயின்றவரும் எழுதலாம். 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தோன்றிய அக்கழகங்களின் வரிசையில் ஒன்று 2011இல் நம் திருச்சிராப்பள்ளிக்கும் வந்துவிட்டது. ஆனால் மொழித்திறன் பகுதியில் எத்துணை மதிப்பெண் குவித்தாலும் கணக்கில் நேரும் குறையை அது ஈடுசெய்யாது. பகுதிதோறும் தனித்தனிக் கீழெல்லையைக் கழகங்கள் வகுத்துள்ளன. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்விலும் கணக்கைச் சுற்றிக்கொண்டு செல்ல வழியில்லை.

அப்படி என்னதான் கேட்கின்றனர்? விகிதம், சதவீதம், வட்டி, இலாப நட்டம், வேலையும் காலமும், வேகமும் தொலைவும், எளிய இயற்கணிதம், வடிவியல். இவற்றுள் பெரும்பகுதி பத்தாம் வகுப்புக்குள் நாம் கடந்து வந்தவையே. கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பர், அவ்வளவே.

நம் மாணவர்க்குக் கணக்கு தெரியாமல் இல்லை என்பதே நம் கருத்து. தெரிந்த கணக்கு ஆங்கில வினாவாக வந்து நிற்கும்போது அதை அவர்கள் அடையாளம் காண்பதில்லை. மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருவரை நாம் மறப்பதற்கில்லை. ஏ, பி, சி என்னும் மூவர் கூட்டு வாணிகம் தொடங்கிய கதையைக் கூறும் வினாவைக் கண்டதும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். நாம் தாளை மூடிவிட்டு வேறொன்று கேட்டோம்: "மீன் 9,000 ரூபாய்க்கு ஏலம் போயிற்று. டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் 1,800 போக, படகுக்கும் வலைக்கும் இரண்டு பங்கு, ஆள் நால்வருக்கு ஒவ்வொரு பங்கு. உன் அண்ணனுக்கு எவ்வளவு?" பங்குமுறை ஊருக்கு ஊர் வேறுபடும், நாம் ஒரு பேச்சுக்குச் சொன்னது. நாம் முடிப்பதற்குள் 1,200 என்றார். இரண்டும் ஒரே கணக்குத்தான் என்று காட்டியபோது அவர் முகத்தில் சினமே தோன்றியது. "இதை ஏன் ஐயா முன்பே யாரும் சொல்லவில்லை?" அவ்வாண்டுத் தேர்வுக்கு அப்போது மூன்று வாரமே எஞ்சியிருந்தது.

அதே கடற்கரையில் 1957 முதல் சிற்பக் கல்லூரி ஒன்று உள்ளது. நவதாலப் படிமம் என்பது ஒன்பது முக அளவு. முகத்துக்குப் பன்னிரண்டு பங்காக மொத்தம் 108 பங்கு. 54 அங்குல உயரச் சிலையில் ஒரு பங்கு அரை அங்குலம், முகம் ஆறு அங்குலம். சிலையைப் பாதியாகக் குறைத்தால் முகமும் மூன்றாகக் குறையும். உளி பிடிப்பவர் நாள்தோறும் கையாளும் இவ்விகிதத்தை ஓர் அயல்நாட்டுப் பண்டம்போல் நாம் அஞ்சுவது வியப்பே.

சுருக்குவழிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்து போகும்போது மணிக்கு 30, திரும்பும்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதென்று கொள்வோம். சராசரி வேகம் என்ன? வகுப்பில் பெரும்பாலோர் 45 என்பர். போக ஒரு மணி, வர அரை மணி, ஒன்றரை மணியில் 60 கிலோமீட்டர், ஆகவே 40. மெதுவாக ஓடியபோது வண்டி நெடுநேரம் சாலையில் இருந்தது என்பதே காரணம். பயிற்சி நிலையங்கள் இதற்கொரு வாய்பாட்டை மனப்பாடம் செய்விக்கின்றன. பாதித் தொலைவு என்பதற்கு மாறாகப் பாதி நேரம் என்று வினாவில் ஒரு சொல் மாறிவிட்டால், அப்போது 45தான் சரியான விடை. வாய்பாட்டை நம்பியவர் அங்கே வீழ்வார். சொல்லைக் கூர்ந்து படிப்பது யாருடைய தொழில்? தமிழ்த்துறையாருடையதன்றோ!

அதே நிலையங்கள் பதினாறில் ஒன்று நூற்றுக்கு 6.25 என்றும், எட்டில் ஒன்று 12.5 என்றும் அட்டவணை அச்சிட்டுத் தருகின்றன. வீசம் ஆறேகால், அரைக்கால் பன்னிரண்டரை, மா ஐந்து, அரைமா இரண்டரை, காணி ஒன்றேகால் என்று அதையே சொல்லலாம். 320இல் ஒன்றாகிய முந்திரி வரை திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றினர். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் ஆங்கிலேயர் செங்கற்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து விவரம் தொகுத்தபோது, ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளில் நிலமும் விளைவும் அவரவர் பங்கும் இத்தகைய பின்னங்களில் எழுதப்பட்டிருந்தன. பழம்பெருமை பேச இதைக் கூறவில்லை. அந்தக் கல்வி எல்லோருக்கும் கிட்டியதன்று. களத்தில் நெல்லை அளந்து போட்டவர் வீட்டுப் பிள்ளையும், எந்த வீட்டுப் பெண்ணும், அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடம் பெற்றதில்லை. அன்று திண்ணை மறுத்ததை இன்று பயிற்சிக் கட்டணம் மறுக்கிறது என்பதே நம் மனக்குறை.

குறியீடுகளைக் கண்டு மருள்வோர்க்கு ஒரு செய்தி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தம் இயற்கணித நூலில் எக்ஸ், ஒய் எதனையும் பயன்படுத்தவில்லை. எண்களைக்கூடச் சொற்களாலேயே எழுதினார். பாகப்பிரிவினை, வாணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றுக்கு உதவவே அந்நூலை எழுதியதாக முன்னுரையில் கூறுகிறார். அல்ஜீப்ரா என்னும் பெயரே அந்நூலின் தலைப்பிலிருந்து வந்தது. முதலில் வாக்கியமாக எழுதிப் பார்த்துப் பின்னர் சமன்பாடாக்கும் பழக்கம் நம் மாணவர்க்குப் பெரிதும் பொருந்தும்.

தேர்வுக்கூடத்தில் வேண்டுவது மற்றொரு திறமை. அண்மை ஆண்டுகளில் கேட் தேர்வின் கணக்குப் பகுதிக்கு 40 நிமிடம், 22 வினா. சரியான விடைக்கு 3 மதிப்பெண்; நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 கழிப்பர். கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு வினாவுக்கு விடை குறித்தால், சராசரியாக மூன்று பொருந்தி 9 வரும், ஒன்பது தவறி 9 போகும், மிச்சம் சுழியம். ஒவ்வொன்றிலும் பொருந்தாத ஒரு விடையை உறுதியாக நீக்கிவிட்டுக் குறித்தாலோ, நான்கு பொருந்தி 12 வரும், எட்டு தவறி 8 போகும், 4 மிஞ்சும். விடையை நாமே தட்டச்சுச் செய்யும் வினாக்களில் தவறுக்குக் கழிவே இல்லை. இவ்வளவையும் அறிந்த மாணவர், எதை விடுவது என்று துணிந்து விடுவார். எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும் என்று பள்ளிக்கூடம் கற்பித்த பழக்கம் இங்கே பகையாகிறது. 2015 முதல் கணினித் திரையிலேயே கணக்கிடும் கருவி தருகின்றனர். அதை நம்பி மனக்கணக்கைக் கைவிடுவோர்க்கு நேரம் போதுவதில்லை.

இறுதியாண்டில் ஆறு மாதம் சென்னைக்கு மின்தொடர் வண்டியில் அலைந்து, குடும்பத்தின் பல மாத வருவாயைக் கொட்டிப் பெறும் பயிற்சியை நாம் ஏற்பதற்கில்லை. முதலாண்டிலேயே, கல்லூரியிலேயே, தமிழிலேயே தொடங்க வேண்டும். முதலாண்டு முழுதும் மனக்கணக்கும் பின்னமும் விகிதமும். இரண்டாமாண்டில் அதே கணக்குகளை ஆங்கிலத்தில் படித்தல். 'அட் லீஸ்ட்' என்றால் குறைந்தது, 'நாட் மோர் தேன்' என்றால் மிகாமல் என்று சொல்லுக்குச் சொல் தெளிதல். மூன்றாமாண்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழைய வினாத்தாள்கள். கணிதத் துறையினர் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். வினாவைப் படிக்கக் கற்பிக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்கத் தயங்கலாகாது.

மாலை வகுப்பு முடிந்தபின் நம் துறையின் அறைகள் காலியாகவே கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை, ஒன்றேகால் மணி நேரம் போதும். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவியர் திருக்கழுக்குன்றம் பேருந்தைத் தவறவிடாத வகையில் நேரத்தை மட்டும் அவர்களையே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.