இரண்டு கேஸ்கெட்டுகள்

குக்கரின் ஓரத்தில் ஆவி கசிந்தால் எந்த வீட்டிலும் ஆண் எழுந்து வருவதில்லை. அம்மாவோ பாட்டியோ மூடியைத் திருப்பி, விறைத்துப்போன ரப்பர் வளையத்தை உருவிப் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தத்தை அடக்கி வைக்கிற வளையம் அது. அதைப் பெண் கையில் ஒப்படைக்க இந்தச் சமூகம் ஒருநாளும் தயங்கியதில்லை. கடையில் அவள் கேட்பதும் "அஞ்சு லிட்டர் குக்கருக்கு ஒரு கேஸ்கெட்" என்றுதான்.

காரின் அடியில் இருக்கும் கேஸ்கெட்டுக்கு மட்டும் வேறு மரியாதை. எஞ்சினின் அடிவயிற்றில் ஆயில் சம்ப் என்று ஒரு தகரத் தொட்டி. ஆயில் அதில் சும்மா தேங்கி நிற்கிறது. பம்ப் உறிஞ்சி மேலே அனுப்பும்போதுதான் அதற்கு அழுத்தமே வருகிறது. தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் காய்ந்து சுருங்கினால் தரையில் கறுப்பாகச் சொட்டும். இதை மாற்றுவது "டெக்னிக்கல் மேட்டர்". என் பழைய மாருதி 800 சொட்டத் தொடங்கியபோது ஒரு பட்டறையில் "சாரை வரச் சொல்லுங்க மேடம்" என்றார்கள். சார் யாரும் இல்லை என்றதும் எஞ்சினையே இறக்கணும் என்றார்கள்.

இறக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டு வாசலிலேயே மாற்றினேன். ஆயிலை வடித்து, குறுக்கே நின்ற சைலன்சர் குழாயைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்ததும் சம்ப் கையோடு வந்தது. பாதி நேரம் சுரண்டுவதில் போனது (இந்தச் சுரண்டல் வேறு). பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது, உலோகத்திலும் கீறல் விழக் கூடாது. அடிப்பிடித்த பாத்திரம் தேய்த்த கைக்கு இது புதிதா என்ன?

பலம் வேண்டுமே என்பார்கள். அந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு வேண்டியது சுமார் 10 நியூட்டன் மீட்டர். ஒரு சாண் ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட அளவு. எல்லாவற்றையும் முதலில் விரலால் திருகிவிட்டு, பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். மூச்சுப்பிடித்து முறுக்கினால் தகரத்தின் விளிம்பு வளையும், கேஸ்கெட் பிதுங்கும், மறுபடி சொட்டும். ஆம்பளை பலம் என்று எதைக் கொண்டாடுகிறார்களோ அதுதான் இந்த வேலையைக் கெடுக்கிறது.

ஆக, தடை உடம்பில் இல்லை. தெருவில் ஒரு பெண் மல்லாந்து கிடக்கக் கூடாது என்பதில் இருக்கிறது. காருக்கு வெளியே என் கால்கள் தெரிந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார்: "ஐயோ டீச்சர், விழுந்துட்டீங்களா?" விழவில்லை என்றதும் அடுத்த கேள்வி: "ஏன், ஆள் கிடைக்கலையா?"

ஒரு பையன் பட்டறை வாசலில் பொழுதுபோகாமல் நின்றே பாதித் தொழிலைக் கற்றுவிடுகிறான். 10ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கி, டீ வாங்கி வந்து. அதே வாசலில் ஒரு பெண் பத்து நிமிடம் நின்றால், அவளுக்கு முன்பே செய்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஆயுத பூஜையன்று மட்டும் ஸ்பேனருக்குச் சந்தனம் குங்குமம் வைக்க அவள் வேண்டும்.

குறுந்தொகையின் 135ஆம் பாட்டை நான் வகுப்பில் நடத்துகிறேன். ஆணுக்கு உயிர் தொழில், மனையிலிருப்பவளுக்கு உயிர் கணவன் என்று தோழி ஆறுதல் சொல்லும் பாட்டு. அழகான பாட்டுதான். அந்தத் தொழிலில் ஸ்பேனரும் அடக்கம் என்று உரை எழுதியது நம் ஊர்.

பட்டறைக்காரர் பிழைப்பைக் கெடுக்கிறாயா என்று ஒரு தோழி கேட்டாள். எஞ்சின் இறக்கும் வேலை வந்தால் அவரிடம்தான் போவேன். அப்போது அவர் என்னிடம் பேச வேண்டியிருக்கும்.

செய்யப் போகிறவர்களுக்கு: சமதரையில் நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள், முன்பக்கம் இரண்டு ஸ்டாண்ட் கட்டாயம். துப்பட்டா வேண்டாம். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து வையுங்கள். ஆள் கிடைக்கலையா என்று யாராவது வந்து நின்றால், அந்த 10ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.