ட்ரங்க் எலிஃபன்ட் சீரத்தில் 'சுத்தம்' எங்கே இருக்கு?

"க்ளீன் ப்யூட்டி" அலையில் ஏறி வந்து, 2019-ல் ஷிசெய்டோவிடம் 84.5 கோடி டாலருக்குக் கைமாறிய அமெரிக்கக் கம்பெனி ட்ரங்க் எலிஃபன்ட். அதன் பிரபல சரக்கு சி-ஃபர்மா. வைட்டமின் சி சீரம். சின்னக் குப்பி, எண்பது டாலரை ஒட்டிய விலை.

வேலை செய்யுமா? ஓரளவு செய்யும். ஆனால் எதனால்? 15 சதவீதம் எல்-அஸ்கார்பிக் அமிலம், கூடவே வைட்டமின் ஈ, ஃபெருலிக் அமிலம். டியூக் பல்கலைக்கழகத்து ஷெல்டன் பின்னெல் குழுவின் கண்டுபிடிப்பு இந்தக் கூட்டணி. 2005-ல் வந்த அவர்களின் ஆய்வில், ஃபெருலிக் அமிலம் சேர்ந்ததும் வெயில் பாதிப்பைத் தடுக்கும் திறன் நாலு மடங்கிலிருந்து எட்டு மடங்கானது. சோதித்தது பன்றித்தோலில் (விளம்பரத்தில் இந்த வரி வராது!). ஸ்கின்சூட்டிகல்ஸ் என்ற பெயரில் இதை விற்கும் லோரியால், காப்புரிமையை மீறியதாக 2018-ல் ட்ரங்க் எலிஃபன்ட் மேல் வழக்கே போட்டது. பிறகு சமரசம். ஆக, பலன் தருவது சுத்தமான ஆய்வகக் கெமிஸ்ட்ரி.

அப்புறம் "க்ளீன்" எது? போடாதவற்றின் பட்டியல்தான். "சந்தேகத்துக்குரிய ஆறு" என்று பெயர் வேறு. வாசனைத் தைலங்களை அதில் சேர்த்தது நியாயம், பலருக்கு ஒவ்வாமை தரும். ஆனால் சிலிகான் என்ன பாவம் செய்தது? அந்த வகையைச் சேர்ந்த டைமெத்திகோன், சருமத்தைக் காக்கும் பொருள் என்று அமெரிக்க எஃப்டிஏ ஏற்றுக்கொண்ட ஒன்று. அதே எஃப்டிஏவிடம் "க்ளீன்" என்ற சொல்லுக்கு வரையறையே கிடையாது!

சரி, பட்டியல்தானே, போட்டுவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. பாரபென் கதையைப் பாருங்கள். 2004-ல் மார்பகக் கட்டித் திசுக்கள் 20-ஐ எடுத்துச் செய்த ஆய்வில் பாரபென் தென்பட்டது. புற்றுநோய்க்குக் காரணம் அதுதான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. பயம் மட்டும் பரவியது. பல கம்பெனிகள் பாரபெனைத் துரத்திவிட்டு மெத்தில்ஐசோதயசோலினோனைக் கொண்டு வந்தன. அரிப்பும் தடிப்புமாக ஆட்கள் தோல் டாக்டர்களிடம் போக, 2013-ல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் அதை "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவித்தது. 2019-ல் அதே பட்டத்தை, "ஒவ்வாமை தராத பொருள்" என்று மாற்றி, பாரபெனுக்குக் கொடுத்தது!

எந்தக் கம்பெனி வைட்டமின் சி சீரம் என்றாலும், காற்றும் வெளிச்சமும் பட்டால் கெடும். சி-ஃபர்மாவே பிற்பாடு பொடி தனி, திரவம் தனி என்று, வீட்டில் கலந்துகொள்ளும்படி மாறியது அதனால்தான். ஆகவே வாங்குகிறவர்கள் அளவையும் தேதியையும் பாருங்கள். பழுப்பு நிறமாகிவிட்டால், எவ்வளவு "க்ளீன்" என்றாலும் குப்பைத்தொட்டிக்குத்தான்.